ரெலிக்ட்டக்கா வைத்த முதல் நாற்று

இரண்டு வாரமாக எங்கள் வீடு முழுக்க அட்டைகள். பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கத்தரித்து, அச்சில்லாத பக்கத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லும் பின்னால் அச்சுக்கு ஓரத்தில் அதன் அர்த்தமுமாக எழுதிச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் என் மகள். வெளிநாட்டுப் படிப்புக்குப் பரீட்சை வைக்கிறார்களாம். யாரும் பேசாத, எந்தப் பேப்பரிலும் வராத சொல்லாகப் பொறுக்கியெடுத்து அதில் கேட்பார்களாம். குளியலறைக் கதவில் ஒன்று, அரிசி டப்பாவின் மேல் ஒன்று, என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள்கூட ஒன்று. படித்துக் களைத்துப்போனால் அவளுக்குப் பொழுதுபோக்கு நான்தான்.

"நீங்க முப்பது வருஷமா புரூஃப் பாக்கறவராச்சே. இதுக்குச் சொல்லுங்க பாப்போம்."

ஒன்பது அட்டைகளுக்கு உதட்டைப் பிதுக்கினேன். நான் பார்த்ததெல்லாம் தமிழ் புரூஃப் என்று சொல்லித் தப்பிக்கவும் பார்த்தேன். பத்தாவது அட்டையை அவள் நீட்டியதும், பின்பக்கம் திருப்புவதற்குள் சொல்லிவிட்டேன்.

"ரெலிக்ட். கைம்பெண்."

அவள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "இது எப்படிப்பா உங்களுக்கு?" என்றாள். பதிலுக்கு முன்னால் ஒரு நாற்றம் வந்துவிட்டது. வௌவால் புழுக்கையும் அந்துருண்டையும் ஈரக் காகிதமும் சேர்ந்த நாற்றம். அது வந்துவிட்டால், நண்பரே, நான் வீட்டில் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காவாந்தண்டலத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், ஏரிக்கரை இறக்கத்தில் எங்கள் காலனி. காலனிக்கு நடுவே ஓடு போட்ட வேதக்கோயில். மணி கிடையாது. வேப்பமரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டுதான் மணி. பீடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, அதில் ஓர் அலமாரி, அலமாரிக்குள் நான் சொன்ன நாற்றம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. எனக்கு இருபது வயசு. எஸ்.எஸ்.எல்.சி.யை இரண்டாம் தடவையில் தேறி, வேலை தானாக நடந்து வந்து வாசலில் நிற்கும் என்று ஏரிக்கரையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவிதை எழுதுகிறேன் என்பது என் எண்ணம். சோம்பேறி என்பது ஊர் எண்ணம். இரண்டுக்கும் பெரிய தூரம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

புதிதாக வந்திருந்த போதகர் தெற்கத்திக்காரர். மெலிந்த மனிதர், அதட்டத் தெரியாதவர். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு அலமாரியைத் திறந்து காட்டினார்.

"சபைப் பதிவேடு தம்பி. செல்லு அரிச்சிட்டுப் போகுது. எல்லாம் அந்தக் காலத்து வெள்ளைக்கார ஐயர் இங்கிலீஷில் எழுதினது. நீ ஒண்ணொண்ணாத் தமிழில் பெயர்த்து இந்தப் புதுப் புத்தகத்தில் எழுதிடு. புண்ணியமாப் போகும்."

புண்ணியம் மட்டுமில்லை, அட்டை கிழிந்த ஒரு தடித்த அகராதியும் அந்த அறையில் எனக்குக் கிடைத்தது. அதற்குத் தலைப்புப் பக்கம் இல்லை. 'ஏ'யிலிருந்து 'டி'வரை பக்கங்கள் இல்லை. ஆனாலும் அப்படி ஒரு புத்தகத்தை நான் அதற்குமுன் தொட்டதில்லை.

வெள்ளைக்கார ஐயர் என்று எங்கள் ஜனங்கள் சொன்ன அந்தப் போதகர் சுதந்திரம் வந்த மறுவருசமே தன் தேசத்துக்குப் போய்விட்டிருந்தார். அவருடைய எழுத்து எறும்பு வரிசை மாதிரி இருக்கும். சொற்கள்தான் வினோதம். நான் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷில் அவை இல்லை. தன் ஊர்க் கோயிலில் பாட்டன் பூட்டன் காலத்துப் பதிவேட்டைப் பார்த்து வளர்ந்தவரோ என்னவோ, பதிவேடு என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று கையோடு கொண்டுவந்து எங்கள் காலனியில் இறக்கிவிட்டார். அவர் தேசத்திலேயே வழக்கொழிந்த சொற்கள் இங்கே ஏரிக்கரையில் குடியிருந்தன.

எங்கள் ஆண்கள் அத்தனை பேர் பெயருக்கும் எதிரே ஹஸ்பண்ட்மேன் என்று இருந்தது. அகராதியில் பார்த்தேன். நிலத்தை உழுது பயிரிடுகிறவன், உழவன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். நைனா அப்போதுதான் ஆண்டை வீட்டு வேலையிலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நைனா, உன்னை உழவர்னு எய்தி வெச்சிக்கீறாரு!"

"நெலம்?"

"நெலம் பத்தி ஒண்ணும் எய்தல."

"அப்ப பாதிதான் எய்திக்கீறாரு," என்றார் நைனா, குதிகாலைத் தேய்த்தபடி. "மீதிய எப்ப எய்துவாராம்? கேட்டு வெய்யி."

ஏரிக்கரையின் அந்தக் கோடியில் இருளர் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. அவர்கள் எங்கள் சபை இல்லை. ஆனாலும் பஞ்சத்தில் சபை கஞ்சித்தொட்டி வைத்த காலத்தில் அவர்கள் பெயரையும் ஐயர் எழுதி வைத்திருந்தார். எதிரே ஸோஜர்னர். வந்த இடத்தில் கொஞ்ச நாள் தங்கிப் போகிறவர் என்று அர்த்தம். அந்த ஏரியில் எந்த மடைக்குக் கீழே எந்தப் பாம்பு இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அவர்கள். எங்கள் பாட்டன்மார் அங்கே குடிசை போட வந்தபோது கை காட்டி இடம் சொன்னதும் அவர்கள்தான் என்பார்கள். கொஞ்ச நாள் தங்க வந்தவர் அந்த ஏட்டை எழுதின ஒருவர்தான். இதை யோசித்துச் சிரித்துக்கொண்டே, அந்தச் சொல்லுக்கு 'ஏரிக்கரைக் குடியினர்' என்று தமிழ் எழுதினேன். யாரையும் கேட்டு எழுதவில்லை. அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான் என்ற திமிர் அதற்குள் ஏறியிருந்தது. அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்கிறேன்.

ராகேல் அக்கா என்று எங்கள் காலனியில் ஒருத்தி. நடவு ஜமாவுக்குத் தலைவி. இருபது பெண்கள் அவள் சொல்லுக்குக் குனிந்து அவள் சொல்லுக்கு நிமிர்வார்கள். அந்தப் பக்கத்து ஆண்டைமார்களுக்கு ஒரு நம்பிக்கை. நடவு தொடங்கும்போது ஈசானி மூலையில் முதல் பிடி நாற்றை ஒரு சுமங்கலி வைக்க வேண்டும், அவள் கைராசிக்காரியாகவும் இருக்க வேண்டும். ராகேலக்கா வைத்தால் பயிர் ஒரு குத்துகூடப் பழுதாகாது என்று பேர். அதனாலேயே, ஆடிப்பட்டமோ சம்பாவோ, முதல் அழைப்பு அவள் ஜமாவுக்கு வரும். மற்ற ஜமாக்காரிகள் கடைவாயைக் கடித்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

சுமங்கலி என்றேன். அவள் புருசன் தானியேல் மலைத்தோட்டத்து வேலைக்கு என்று நாற்பத்தேழு தையில் கங்காணியோடு ரயிலேறிப் போனவன். போனவன் போனவன்தான். கடிதாசி இல்லை, ஆள் இல்லை. மலையில் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு பிள்ளைகுட்டியோடு இருக்கிறான் என்பது ஊர் முடிவு. தாலி கழுத்தில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை தலையில் பூ இருந்தது. அதற்கு மேல் ஆண்டைமார்களுக்கு என்ன வேண்டும்? ஆனால் ஜமாவில் வாய்ச்சண்டை வந்தால் யாராவது ஒருத்தி அதை எடுத்துவிடுவாள். பெரும்பாலும் சம்பூர்ணம். அவள் அப்போது கல்யாணமாகி வந்த புதுசு, வாய்க்குப் பூட்டு இல்லை.

"எங்களைச் சேத்துல வெச்சி வெரட்றியே யக்கா, உன் மனுசனை இப்டி வெரட்டியிருந்தா மலை ஏறியிருப்பாரா?"

"போடி கய்தே. உன் வாயை நட்டா மூணு போகம் வெளையும்," என்பாள் ராகேலக்கா. எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். அப்புறம் அரைமணி நேரம் மற்றவர்களைப் பின்னால் விட்டு வேகமாக நட்டுக்கொண்டே போவாள்.

பதிவேட்டில் அவள் பக்கத்தைத் திருப்பினேன். ராகேல். முன்பு எழுதியிருந்ததை அடித்துவிட்டு மேலே பொடி எழுத்தில்: தானியேலின் ரெலிக்ட். அதன் கீழே நாற்பத்தேழு ஐப்பசிக்குச் சரியான ஓர் இங்கிலீஷ் தேதி. பக்கத்தில் ஒரே வரி, மலைச் சபையிலிருந்து கடிதம், காய்ச்சல். அகராதியில் அந்த எழுத்து நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ கிழியாமல் இருந்தது. இறந்துபோனவனின் மனைவி, கைம்பெண். இன்று வழக்கில் குறைந்த சொல்.

அகராதியை மூடி அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே அவள் குரல் கேட்டது. யாரையோ "நாத்துமுடியை வெயில்ல போடாதேடி" என்று திட்டிக்கொண்டு போனாள். பதினாலு வருசமாகச் செத்துப்போயிருக்கிறவனுக்கு அவள் தாலி கட்டிக்கொண்டிருப்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அதை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் வழியில்லை. எங்கள் சபையில் ஒரு வழக்கம். புதுப் பதிவேடு எழுதினால், ஆராதனை முடிந்ததும் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். குடும்பம் குடும்பமாக எழுந்து நிற்பார்கள். அவரவர் பெயரும் விவரமும் காதில் விழுந்ததும் "சரிங்க" என்றால்தான் போதகர் கையெழுத்துப் போடுவார். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்து தெரியாது. அவர்களுடைய பெயரை அவர்கள் பார்க்க முடியாது, கேட்கத்தானே முடியும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். ஒரு கிழவர் தன் வயசைக் கேட்டதும் "அவ்ளோ ஆயிடுச்சா? போன ஐயரு கொறச்சலாத்தானே வெச்சிருந்தாரு" என்றார். ஒரு கிழவி செத்துப்போன தன் பிள்ளைகளின் பெயர்களை இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லி நின்றபடியே கேட்டாள். நாலாவது ஞாயிறு ராகேலக்கா எழுந்து நின்றாள். சாமந்திப்பூ வைத்திருந்தாள். அடுத்த வாரம் ஆண்டை வீட்டு நாலு காணி நடவு. நான் புதுப் புத்தகத்தில் 'கைம்பெண்' என்று எழுதவில்லை. எதுவுமே எழுதாமல் இடம் விட்டிருந்தேன்.

"ராகேல். தானியேலின் ரெலிக்ட்."

எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்டின்னா இன்னாபா?" என்றார் வயசு கூடிப்போனதாகக் குறைப்பட்ட அந்தக் கிழவர்.

நான் போதகரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்திருக்குமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் கிழவரே முடித்துவைத்தார். "எதுனா பட்டமா இருக்கும். வெள்ளக்கார ஐயரு கொட்த்துட்டுப் போயிருப்பாரு. இருவது பேரை மேய்க்கிறான்னா சும்மாவா?" எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. ராகேலக்கா என்னையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு "சரிங்க" என்றாள். போதகர், "அந்தச் சொல்லையே போட்டுடு தம்பி" என்றார்.

அன்று சாயங்காலமே சம்பூர்ணம் ஆரம்பித்துவிட்டாள். "வழி வுடுங்கடி, ரெலிக்ட்டக்கா வராங்கோ!" கேலியாகத் தொடங்கியது பத்து நாளில் பேராகிவிட்டது. ஆண்டை வீட்டுக் காரியக்காரர் வரப்பில் குடையோடு நின்று, "அந்த ரெலிக்ட் ஜமாவையே வரச் சொல்லு" என்று ஆள் அனுப்புகிற அளவுக்குப் போனது. அவள் நிமிர்ந்து நடந்தாள். நான்தான் குறுக்குச் சந்தில் புகுந்து ஓடினேன். குழந்தைகள் ஓடிவந்து "ரெலிக்ட்டக்கா, ஒரு முறுக்கு" என்று கை நீட்டும்போது என் காதில் விழுந்ததை நான் யாரிடம் சொல்ல? நல்லதுதான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் கைராசி போகவில்லை, ஜமா பிழைத்தது, இருபது அடுப்பு எரிகிறது. ராத்திரி படுத்தால் அந்தக் கணக்கு ஒருநாள்கூட நேராகவில்லை.

இரண்டு வருசம் அப்படியே போயிற்று. அறுபத்துமூன்றில் பட்டணத்தில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. புறப்படுமுன், ராகேலக்கா ஜமாவில் நடவுக்குப் போயிருந்த அம்மாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நடவு வயலுக்குப் போனேன். முற்பகல். ஒரு வயல் முடிந்து, பெண்கள் வாய்க்காலில் இறங்கிக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். ராகேலக்கா தனியாக மேலே வந்து எனக்கு எதிரே வரப்பில் உட்கார்ந்தாள்.

"பட்டணம் போறியாமே?"

"ஆமாங்க்கா."

"போ. நல்லாயிரு. போறதுக்கு முன்ன ஒண்ணு சொல்ட்டுப் போ. ரெலிக்ட்டுன்னா இன்னாடா?"

"அது... பட்டம்னு சொன்னாங்களேக்கா."

"தே, நான் உன் மூஞ்சியப் பாத்துக்கினுதான நின்னேன். பட்டம் குடுக்கிறவன் மூஞ்சி அப்டியா இருக்கும்?"

சொல்லிவிட்டேன். தேதியைச் சொன்னேன், கடிதம் என்பதைச் சொன்னேன், காய்ச்சல் என்பதைச் சொன்னேன். அவள் அழுவாள், வயலே திரும்பிப் பார்க்கும், எல்லாம் என்னால் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றேன்.

அவள் விரல் விட்டு எண்ணினாள். "ஐப்பசி. சின்னவன் பொறந்து எட்டாம் நாளு." சேறு காய்ந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். "வெள்ளக்கார ஐயரு அன்னிக்கு வூட்டுக்கு வந்தாருடா. வாசப்படியில குனிஞ்சி நின்னாரு. நான் புள்ளைய மடியில போட்டுக்கினு உக்காந்துனு இருந்தேன். கொஞ்சம் தண்ணி குடும்மான்னாரு. குட்சாரு. புள்ளை தலைய தொட்டாரு. பூட்டாரு. அதுக்கோசரந்தான் வந்தாரா அவரு?"

நான் கையிலிருந்த சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

"காச்சல்தானே? மெய்யாலுமே காச்சல்னுதான் போட்டுக்கீது?"

"ஆமாங்க்கா."

"அப்ப வேற எவளையும் கட்டிக்கலயா?"

நண்பரே, இந்தக் கேள்வி என் புத்தியில் உதித்ததே இல்லை. நடவு, கைராசி, ஆண்டை, அடுப்பு என்று இரண்டு வருசம் நான் பார்த்துப் பார்த்துக் காவல் காத்ததெல்லாம் வேறு. அவள் கேட்டது இது.

"போனவரு அதே வருசமே பூட்டாருக்கா. ஒன்பது மாசத்துல."

"ஓடிப் பூடல."

"இல்லக்கா."

"ஐயோ, அந்த மனுசனை நான் திட்டாத நாளு கெடையாதுடா," என்று தலையில் அடித்துக்கொண்டாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது, அது பாதியில் உடைந்து அழுகையாயிற்று. "பதினாறு வருசம். படுக்கப் போகும்போதும் திட்டுவேன், எழுந்தும் திட்டுவேன். நல்லாயிருப்பியான்னு மண்ணை வாரித் தூத்தியிருக்கேன். அந்த மனுசன் அங்க மண்ணுக்குள்ள கெடந்துருக்காரே." பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல், "நீயும் தண்ணி குட்ச்சிட்டுப் போன கத தான பண்ண?" என்றாள். அதைவிட அவள் என்னை அறைந்திருக்கலாம்.

அதற்குள் கீழிருந்து சம்பூர்ணம் கத்தினாள். "ரெலிக்ட்டக்கா! அடுத்த கயினிக்கு மொதப் புடி வெக்க வாயேன், பொய்து போவுது! அங்க இன்னா மாநாடு?"

ராகேலக்கா எழுந்தாள். கண்ணைத் துடைக்கவில்லை. வரப்போடு போய் அவர்கள் நடுவே நின்றாள். அவள் சொல்வது எனக்குக் கேட்டது, எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள்.

"அடியே, கேட்டுக்கோங்க. எம் புருசன் ஓடிப் பூடல. நாப்பத்தேழுலயே காச்சல் வந்து செத்துட்டாரு. ரெலிக்ட்டுன்னா தாலி அறுத்தவள்னு அர்த்தமாம். இப்ப சொல்லுங்க. மொதப் புடி யாரு வெக்கிறது?"

நாற்றுமுடியைக் கையில் வைத்துக்கொண்டு இருபது பேரும் அப்படியே நின்றார்கள். தூரத்து வரப்பில் காரியக்காரரின் குடை தெரிந்தது. சம்பூர்ணத்தின் முகம் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. அவள்தான் முதலில் நகர்ந்தாள். தன் கையிலிருந்த நாற்றுப்பிடியை ராகேலக்காவின் கையில் வைத்தாள்.

"நாப்பத்தேழுலேந்து அறுத்தவ கையாலதான ஊரே சோறு துண்ணுது?" என்றாள், மெதுவாக. "இன்னா கருகிப் பூட்ச்சி? வையிக்கா."

"அந்தாளு காதுல வியுந்தா?" என்றாள் ராகேலக்கா, குடைப் பக்கம் கண்ணைக் காட்டி.

"இங்கிலீஷுதான? அவருக்கு எங்க தெரியப்போவுது?" என்றாள் இன்னொருத்தி. எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி வரிசை முழுக்கப் போயிற்று. காரியக்காரர் தூரத்திலிருந்து, "என்னா அங்க இளிப்பு? ரெலிக்ட்டு, சீக்கிரம் வெய்யி!" என்று குரல் கொடுத்தார். சிரிப்பு இன்னும் பெருகிற்று. அவள் ஈசானி மூலையில் குனிந்து முதல் பிடியை வைத்தாள்.

அந்த ஞாயிறு அவள் பூ வைக்காமல் கோயிலுக்கு வந்தாள் என்று அம்மா யாரையோ கொண்டு கடிதம் எழுதி அனுப்பியிருந்தாள். தாலியை மட்டும் கழற்றவில்லை. வயலில் அது வேண்டியிருந்தது. காலனி முழுக்கத் தெரிந்த சேதி வரப்பைத் தாண்டவே இல்லை. ராகேலக்காவுக்கு முதுகு வளைந்த பிறகு ஜமாவில் அறுத்தவளா, கட்டினவளா என்று பார்க்காமல் கை சுறுசுறுப்பாக இருக்கிற யார் வேண்டுமானாலும் முதல் பிடி வைத்தார்கள். வைக்கிறவள் யாராக இருந்தாலும் அவளுக்கு ரெலிக்ட்டு என்றே பேர். அம்மா செத்தபோது ஊருக்குப் போயிருந்தேன். புதிதாய் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள், "இந்தப் போகம் நான்தாங்க ரெலிக்ட்டு" என்று. அவள் புருசன் பக்கத்தில் நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். இப்படி ஓர் அர்த்தம் எந்த அகராதியிலும் ஏறவில்லை.

போன தையில் ஒரு சாவுக்காகப் போனேன். அந்த நாலு காணியிலும் சவுக்கு வைத்திருக்கிறார்கள். நிழலும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் அந்தத் தோப்பு காற்றில் இரைந்துகொண்டிருந்தது. வாய்க்கால் தூர்ந்து புல் முளைத்துவிட்டது. ஜமாவில் மிஞ்சியிருக்கிறவள் சம்பூர்ணம் ஒருத்திதான். புருசன் போய் எட்டு வருசமாகிறது. கடைசியாக முதல் பிடி வைத்தவளும் அவள்தான். சுள்ளி பொறுக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"சவுக்கு வெச்சா அஞ்சு வருசத்துக்கு ஆளே வோணாம்," என்றாள். பிறகு, "நீ புக்குல்லாம் எய்தறியாமே. அந்தப் பேரை எய்திக்கீறியா?"

"எய்தறேன்."

"இன்னா அர்த்தம்னு போடுவ?"

நான் சட்டைப்பையில் பேனாவைத் தேடினேன்.

"மொத நாத்து வெக்கிறவள்னு போடு," என்றாள் சம்பூர்ணம். சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரப்பிலிருந்து சவுக்குக்குள் இறங்கினாள். அந்த இடத்தில் இறங்கும்போது அந்தப் பெண்கள் புடவையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகுவார்கள். அவள் கையும் பழக்கத்தில் இடுப்புக்குப் போயிற்று. கீழே பார்த்தாள். சேறு இல்லை. சருகு. கையை எடுத்துவிட்டு அப்படியே நடந்து போனாள்.